எந்த சூப்பர்மேன் அசல்? மூன்று தலைமுறை வாசகர்கள் சேர்ந்து அமைத்த ஒரு நூலகக் காட்சி: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பொது நூலகத்துக்குப் பழைய காமிக்ஸ் சேகரிப்பு ஒன்று நன்கொடையாக வந்தது. பெரும்பகுதி சூப்பர்மேன். 1938-இல் தொடங்கி ஏறக்குறைய எல்லாக் காலத்துக் கதைகளும் கெட்டி அட்டை மறுபதிப்புகளாக அதில் இருந்தன. அப்படியே அலமாரியில் அடுக்கிவிட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்பது எங்கள் அனுபவம். அதனால் ஆறு வாரத்துக்கு ஒரு சுவர்க்காட்சி வைத்து, இந்த நாயகன் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறினான் என்பதை எட்டுப் பலகைகளில் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். ஒருங்கிணைப்பு என் பொறுப்பு.

பலகைகளுக்கு எழுத மூன்று வாசகர்கள் முன்வந்தார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். 1960-களின் கதைகளைப் பள்ளி நாட்களில் வரி விடாமல் படித்தவர். நாற்பதுகளின் இறுதியில் இருந்த ஒருவர். 1986-க்குப் பிறகான கதைகளோடு வளர்ந்தவர், 1992-இல் சூப்பர்மேன் இறந்ததாக இதழ் வந்தபோது உண்மையிலேயே அழுததாகச் சொல்பவர். மூன்றாவது, பத்தொன்பது வயது மாணவி. அவருக்குத் தெரிந்த சூப்பர்மேன் ஒரு அப்பா. கதையில் அவருக்குப் பிடித்தது மகன் ஜான் கென்ட்தான்.

ஆளுக்கு அவரவர் காலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அவரவர் அறிந்ததை அவரவர் எழுதுவது நியாயம்தானே என்று நினைத்தேன். பிறகு வந்த சிக்கல் எல்லாம் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் கிளம்பியது.

முதல் இரண்டு வாரங்களில் கண்டது

வரைவுகள் வந்தன. மூன்றும் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. ஒன்றாகச் சேர்த்துப் படித்தபோதுதான் ஒரு சொல் கண்ணில் பட்டது. மூவருமே 'உண்மையான சூப்பர்மேன்' என்று எழுதியிருந்தார்கள்.

பெரியவருக்கு உண்மையான சூப்பர்மேன் எதற்கும் அசையாதவன், கோள்களை நகர்த்துபவன், 1955-இல் வந்த நாய் கிரிப்டோவும், 1959-இல் வந்த சித்தப்பா மகள் சூப்பர்கேர்ளும் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்துக்காரன். அவன் பிறந்த கிரிப்டான் கோளின் கல்லான கிரிப்டோனைட்டில் சிவப்பு வகை பட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கூத்து நடக்கும். எறும்புத் தலை முளைத்த கதைகூட உண்டு. நடுவயதுக்காரர் இதையெல்லாம் 'குழந்தைத்தனம்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார். எழுத்தாளரும் ஓவியருமான ஜான் பைர்ன் 1986-இல் கதையை முதலிலிருந்து மறுபடி சொன்னபோதுதான் சூப்பர்மேன் மனிதனானான் என்பது அவர் கட்சி. அதில் வளர்ப்புப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். எதிரி லெக்ஸ் லூதர் பைத்தியக்கார விஞ்ஞானி அல்ல, ஊரே மதிக்கும் கோடீஸ்வரன். சாதாரண மனிதனாக உலவும் கிளார்க் கென்ட்தான் ஆள், சூப்பர்மேன் அவன் போடும் வேஷம். மாணவியின் வரைவோ, 2021-இல் மகன் ஜான் சூப்பர்மேனாகப் பொறுப்பேற்றதிலிருந்துதான் இந்தக் கதை உலகத்தைக் கண்திறந்து பார்த்தது என்று தொடங்கியது.

உரசல் இரண்டு இடங்களில் வெடித்தது.

முதலாவது, கொலை. 2013-இல் வந்த படத்தில் சூப்பர்மேன் எதிரி ஸாடின் கழுத்தை முறிக்கிறான். "சூப்பர்மேன் கொல்லமாட்டான். கொன்றால் அவன் சூப்பர்மேனே இல்லை" என்றார் பெரியவர். நடுவயதுக்காரரும் தலையாட்டினார். மாணவி எதுவும் பேசாமல் எழுந்து போய் ஒரு தொகுப்பை எடுத்து வந்து மேசையில் பிரித்து வைத்தார். 1988-இல் பைர்ன் எழுதி வரைந்த இதழ். ஸாட் உட்பட மூன்று கிரிப்டான் குற்றவாளிகளை சூப்பர்மேன் பச்சை கிரிப்டோனைட்டால் மரண தண்டனைக்கு உள்ளாக்குகிறான். அந்தப் பக்கத்தை நடுவயதுக்காரர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்சிருக்கேன். வாங்கின அன்னைக்கே படிச்சேன்" என்றார். அவர் எழுதிய பலகையில் அந்தக் கதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறைக்க வேண்டும் என்று விட்டதில்லை, நினைவிலிருந்தே நழுவியிருக்கிறது.

இரண்டாவது, அரசியல். "இப்போ எல்லாத்துலயும் அரசியலைக் கொண்டுவந்துட்டாங்க ஏம்மா" என்றார் பெரியவர். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். மாணவி, "முதல் இதழைப் படிச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். அவர் படித்ததில்லை. அட்டையில் காரைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது எங்களில் யாருக்குமே சரியாகத் தெரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை நான்கு பேரும் உட்கார்ந்து படித்தோம். ஜெரி சீகல் எழுதி ஜோ ஷூஸ்டர் வரைந்த பதின்மூன்று பக்கம். கோள்களை நகர்த்தும் ஆள் அங்கே இல்லை. செய்யாத கொலைக்கு மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணைக் காப்பாற்ற இரவோடிரவாக ஆளுநர் வீட்டுக் கதவை உடைக்கிறான். மனைவியை அடிக்கும் ஒருவனைச் சுவரில் தூக்கி வீசுகிறான். கடைசியில் வாஷிங்டனுக்குப் போய், ஐரோப்பியப் போருக்குள் அமெரிக்காவை இழுத்துவிடப் பணம் வாங்கும் ஒரு செனட்டரையும் அவர் பின்னால் இருக்கும் தரகரையும் குறிவைக்கிறான். அடுத்தடுத்த இதழ்களும் அதே பாணிதான். பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியை அவர் விருந்தினர்களோடு சேர்த்து அதே சுரங்கத்துக்குள் அடைத்து வைக்கிறான். 1939 ஜனவரி தேதியிட்ட இதழில் ஒரு சேரிப் பகுதியை அவனே இடித்துத் தரைமட்டமாக்குகிறான், அப்போதாவது அரசாங்கம் நல்ல வீடு கட்டித் தரும் என்று.

பெரியவர் அதற்குப் பின் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து சொன்னது: "நான் படிச்சது பழைய சூப்பர்மேன்னு இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன். அதுவே பழக்கி எடுத்த ஒண்ணு."

அந்தச் சொல் எனக்குச் சரியாகப் பட்டது. பழக்கியது யார், எப்போது என்பதும் தெரிந்த வரலாறுதான். சூப்பர்மேன் கொல்லக் கூடாது என்ற விதி 1940-களின் தொடக்கத்தில் பதிப்பகத்துக்குள் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் வகுத்தது. 1954-இல் காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்ற மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தமின் குற்றச்சாட்டுகளும் செனட் துணைக்குழு விசாரணையும் வந்த பிறகு, பதிப்பகங்கள் சேர்ந்து தமக்குத்தாமே ஒரு நடத்தைக் கோவையைப் போட்டுக்கொண்டன. காவலர், நீதிபதி, அரசு அதிகாரி யாரையும் மரியாதை குறையும்படி காட்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி. ஆளுநர் வீட்டுக் கதவை உடைத்தவன் அந்தக் கோவைக்குள் அடங்கமாட்டான். வேறு வேலை தேட வேண்டியதுதான். விண்வெளிக்குப் போனான், நாய் வளர்த்தான்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

திறப்புக்குப் பதினாறு நாள் இருந்தது. மூன்று வழிகள் பேசப்பட்டன.

காலவாரிப் பலகைகளையே வைத்துக்கொண்டு 'உண்மையான' என்ற சொல்லை மட்டும் நீக்கிவிடலாம் என்றார் நடுவயதுக்காரர். வேலை குறைவு. ஆனால் சொல்லை எடுத்தாலும் தொனி அப்படியே நிற்கும். நீளமான கால அட்டவணை ஒன்றை வரைந்து ஒட்டலாம் என்றது நான். மாணவி அதை மறுத்தார்: அட்டவணையில் கடைசியில் நிற்பது எப்போதும் முன்னேற்றம் மாதிரி தெரியும், முதலில் நிற்பது அசல் மாதிரி தெரியும், இரண்டுமே சரியில்லை என்றார். அவர் காலத்துக் கதைதான் அந்தக் கடைசி இடத்தில் நின்றிருக்கும். அப்படியிருந்தும் மறுத்ததால் அந்த வாதத்துக்கு எடை கூடியது.

முடிவானது மூன்றாவது வழி. காலத்தைக் கைவிட்டு, பலகைக்கு ஒரு பொருள். பறத்தல், கிரிப்டோனைட், சிவப்பு ஜட்டி, எதிரி, சட்டம், கல்யாணம், சாவு, சம்பளம். ஒவ்வொன்றும் எப்போது வந்தது, எப்போது மாறியது, அந்த மாற்றம் யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்பது. ஒருவர் எழுதியதை மற்ற இருவரும் படித்து ஒப்புக்கொண்டால்தான் பலகை ஏறும் என்றும் வைத்துக்கொண்டோம்.

பறத்தலில் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. 1938-இல் அவன் பறக்கவில்லை. தாவுகிறான், ஒரே தாவலில் மைலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் இருநூறு மீட்டர்; இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுகிறான். இதற்கு அறிவியல் விளக்கம் என்று முதல் கதையிலேயே எறும்பையும் வெட்டுக்கிளியையும் காட்டுகிறார்கள். எறும்பு தன் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு சுமக்கவில்லையா என்கிற ரீதியில். 1941-இல் ஃப்ளைஷர் நிறுவனம் அவனை வண்ணக் கார்ட்டூனாக எடுத்தபோது, தாவித்தாவி இறங்குவது திரையில் அசிங்கமாக இருந்தது. பறக்கவிட்டார்கள். உலகமே 'சூப்பர்மேன் என்றால் பறப்பவன்' என்று நினைக்கும் அந்த ஒன்று, ஓவியர்களின் ஒரு தொழில் தலைவலிக்குக் கிடைத்த மாத்திரை. இதை எழுதும்போது நடுவயதுக்காரர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கிரிப்டோனைட்டும் அப்படியே. அது முதலில் வந்தது சூப்பர்மேன் வானொலித் தொடரில், 1943-இல். காமிக்ஸ் இதழில் 1949-இல்தான். இளம் புகைப்படக்காரன் ஜிம்மி ஓல்சனின் பெயரும், பத்திரிகை ஆசிரியர் பெர்ரி ஒயிட்டும்கூட வானொலி தந்தவை. 'உண்மை, நீதி, அமெரிக்க வழி' என்ற அந்தப் புகழ்பெற்ற வாசகமும் அங்கிருந்துதான் வந்தது. 2021-இல் அதன் கடைசிப் பகுதி 'மேலான நாளை' என்று மாற்றப்பட்டபோது, மூல வாசகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள். 1938 இதழில் அந்த மூல வாசகமே கிடையாது. வானொலி பற்றி இன்னொன்றும் பலகையில் ஏறியது: 1946-இல் அந்தத் தொடர், அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானை அப்பட்டமாக நினைவூட்டும் ஒரு முகமூடிக் கும்பலோடு சூப்பர்மேனை மோதவிட்டது. அந்தப் பத்தியை எழுதித் தந்தது பெரியவர்தான்.

ஜட்டிப் பலகைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது, பாதி நேரம் சொல்லுக்கே. 'சிவப்பு அரைக்கால்சட்டை' என்று போடலாம் என்றார் பெரியவர். "எல்லாரும் ஜட்டின்னுதானே சொல்றோம் சார்" என்றார் மாணவி. ஜட்டி என்றே போட்டோம். விஷயம் இதுதான்: 1930-களில் சர்க்கஸ் பயில்வான்களும் மல்லர்களும் உடலோடு ஒட்டிய உடையின் மேல் சின்னக் கால்சட்டை போட்டுத்தான் மேடையேறினார்கள். அந்தக் காலத்துச் சிறுவன் அட்டைப்படத்தைப் பார்த்ததுமே 'ஓ, பயில்வான்' என்று புரிந்துகொண்டான். சர்க்கஸ் பயில்வான் உலகத்திலிருந்து மறைந்தான். உடை மட்டும் நின்றது. பேண்ட்டுக்கு மேல் ஜட்டி போட்டவன் என்ற கேலி பிறந்தது. 2011-இல் அதை எடுத்தார்கள். 2018-இல், சூப்பர்மேன் முதலில் வந்த ஆக்ஷன் காமிக்ஸின் ஆயிரமாவது இதழில் திரும்ப வந்தது. 2025 படத்திலும் இருக்கிறது. எட்டுப் பலகைகளில் இதில் மட்டும்தான் நாயகன் மாறாமல் நின்று பார்ப்பவர்கள் மாறிய கதை வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பலகை இது.

கல்யாணப் பலகையில் வேறொரு சங்கடம். 1938-இல் வளர்ந்த ஆளாக வந்தவன் இன்று நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். கதையில் அவனுக்கு எப்போதும் முப்பதைத் தாண்டிய ஏதோ ஒரு வயது. அந்த வயதைக் காப்பாற்ற அவ்வப்போது கதையை அழித்து எழுத வேண்டியிருக்கிறது. 1985-86-இல் ஒரு பெரிய அழிப்பு. 1996-இல் செய்தியாளர் லோயிஸ் லேனோடு நடந்த கல்யாணம் 2011-இல் நடக்காததாகிவிட்டது; 2016-இல் கல்யாணத்தோடு ஒரு மகனும் சேர்ந்து வந்தான். இதை இரண்டு பத்தியில் புரியவைக்க நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. கடைசியில் பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்த தடம் தெரிய மறுபடி எழுதி, அந்தத் தாளையே பலகையில் ஒட்டினார் மாணவி.

பிறகு நடந்தது

காட்சி குறித்த நாளில் திறந்தது. முதல் வாரம் கூட்டம் சுமார். பள்ளி விடுமுறை தொடங்கியதும் கூடியது. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து நின்று பேசிய இடம் பெரும்பாலும் ஜட்டியும் பறத்தலும். தனியாக வந்தவர்கள் அதிகம் நின்றது சாவுப் பலகை முன்னால்.

எங்கள் தவறு வெளிப்பட்டதும் அந்தப் பலகையில்தான். சூப்பர்மேன் இறந்த ஆண்டு அதில் 1992 என்றும், கல்யாணப் பலகையில் போகிறபோக்கில் 1993 என்றும் இருந்தது. ஒரு சிறுவன் இரண்டு பலகைக்கும் நடுவில் போய்ப் போய் வந்து, பிறகு மேசைக்கு வந்து எது சரி என்று கேட்டான். இரண்டும் சரி. இதழ் கடைக்கு வந்தது 1992 நவம்பர். அட்டையில் அச்சான தேதி 1993 ஜனவரி. அமெரிக்க மாத இதழ்களில் அட்டைத் தேதியை முன்தள்ளிப் போடும் வழக்கம் உண்டு. முதல் இதழுக்கும் இதே கதிதான்: 1938 ஜூன் என்று அட்டை சொல்கிறது, விற்பனைக்கு வந்தது ஏப்ரலில். ஆளுக்கொரு வழக்கப்படி எழுதியிருந்தார்கள், ஒப்புப் பார்த்த நான் கவனிக்கவில்லை. அன்றே இரண்டு சீட்டு ஒட்டினோம்.

மேசைக்கு அடிக்கடி வந்த கேள்வி, "எது முதலில், எது பிறகு?" என்பதுதான். காலவரிசையைத் தூக்கி எறிந்தது வந்தவர்களைத் தடுமாற வைத்துவிட்டது. மூன்றாம் வாரத்தில் எல்லாப் பலகைகளின் அடியிலும் ஓடும்படி கையகலப் பட்டை ஒன்றை வைத்து, அதில் ஆண்டுகளை மட்டும் எழுதினோம். கேள்வி குறைந்தது. என் அட்டவணையின் ஒரு துண்டு கடைசியில் சுவரேறிவிட்டது என்று நடுவயதுக்காரர் சீண்டினார்.

பெரியவர் கருத்து மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. காட்சியின் கடைசி நாளும் அவருக்குக் கிரிப்டோதான் நாயகனுக்கு அடுத்த இடம். ஆனால் பலகை முன் நின்று "இதெல்லாம் சூப்பர்மேனே இல்லை" என்று சொன்ன ஒருவரிடம், "எந்த வருஷத்து சூப்பர்மேன்?" என்று அவர் திருப்பிக் கேட்டதை நான் பார்த்தேன்.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

தேதி விஷயம் சுலபம். இனி விற்பனைக்கு வந்த தேதி ஒன்றே, எல்லா இடத்திலும்.

சம்பளப் பலகை அவ்வளவு சுலபமில்லை. சீகலும் ஷூஸ்டரும் அந்தப் பதின்மூன்று பக்கத்துக்குப் பக்கத்துக்குப் பத்து டாலர் வீதம் 130 டாலர் பெற்றுக்கொண்டு, பாத்திரத்தின் உரிமையையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டார்கள். 1940-களின் இறுதியில் வழக்காடி, கதைத் தலைப்பில் இருந்த பெயரையும் இழந்தார்கள். சூப்பர்மேன் படத்துக்குக் கோடிக்கணக்கில் செலவிட ஏற்பாடாகிக்கொண்டிருந்த 1975-இல், முதுமையும் வறுமையுமாக இருந்த இருவருக்காகவும் சக ஓவியர்கள் குரல் கொடுத்த பிறகுதான், ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் பெயரும் திரும்பக் கிடைத்தன. குழந்தைகள் வரும் இடத்தில் இது வேண்டாம் என்றார் பெரியவர். வாசலிலேயே இருக்க வேண்டும் என்றார் மாணவி. சமரசமாக மூலைத்தூணுக்குப் பின்னால் வைத்தேன். பலர் பார்க்காமலே போனார்கள். முதலாளிகளைச் சுரங்கத்தில் அடைத்த நாயகனைப் படைத்தவர்களின் கதை அது என்று எழுதி, எதிரிப் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த முடிவு என்னுடையது, பிசகும் என்னுடையது.

மூன்றாவது, நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லாத ஒன்று. நான்காம் வாரத்தில் ஐம்பதுகளில் இருந்த ஒரு பெண்மணி எட்டுப் பலகைகளையும் நிதானமாகப் படித்துவிட்டு வந்து கேட்டார்: "இவன் மாறினதெல்லாம் சரி. லோயிஸ் எப்படி மாறினாள்னு எங்கே எழுதியிருக்கீங்க?" கல்யாணப் பலகையில் மட்டும், அதுவும் மணப்பெண்ணாக. முதல் இதழிலேயே செய்தியாளராக வந்தவர், 1958-இல் தன் பெயரிலேயே தனி இதழ் பெற்றும் அதில் பாதிக் கதைகளில் கல்யாணத்துக்குத் திட்டம் போட வைக்கப்பட்டவர், 1991-இல்தான் கிளார்க்கின் ரகசியத்தை அவன் வாயாலேயே கேட்டவர். தலைமுறை மாற்றத்தை இவரை வைத்தே முழுக்கச் சொல்லியிருக்கலாம்.

காட்சியை வேறொரு கிளையில் மறுபடி வைக்கக் கேட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது பலகையை அந்தப் பெண்மணியே எழுதுகிறார். மாணவி கொடுத்த மறுபதிப்பை வைத்து அவர் அனுப்பிய முதல் பத்தி 1938-இன் அந்தப் பதின்மூன்று பக்கத்துக்குள்ளேயே தொடங்குகிறது: நடனக்கூடத்தில் ஒரு முரடன் குறுக்கே வருகிறான், கோழை வேஷத்தில் இருக்கும் கிளார்க் ஒதுங்கிக்கொள்கிறான், லோயிஸ் அந்த முரடனின் கன்னத்தில் ஓர் அறை விடுகிறாள்.